கண்ணுக்குத் தெரியாத மின்னல்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச ஒப்புக்கொண்ட விஷயம், ஆகாசத்திலிருந்து வரும் காமாக் கதிர்களைப் பூமியில் இருந்துகொண்டே பிடிக்கும் தொலைநோக்கிகளைப் பற்றியதாகும். தலைப்பைக் கேட்டதும் "இது நமக்கெதற்கு?" என்று எழுந்து போகலாமா எனச் சிலர் யோசிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். நான் காலேஜ் வாசற்படி மிதித்தவனல்ல. வாசகசாலைப் புத்தகங்களைப் படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் எனக்கு நானே புரிய வைத்துக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்குப் புரிந்த ஒன்று உங்களுக்குப் புரியாமற் போக நியாயமில்லை.

இவ்விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. "நான் ஒளியைக் கண்டேன்" என்று சொன்னவர்கள் உலகத்தில் ஏராளம். எங்கே கண்டாய், எவ்வளவு நேரம் கண்டாய், உன்னோடு வேறு யார் கண்டார்கள், ஒன்றுமில்லாத வேறு இடத்தைப் பார்த்தபோதும் அதே மாதிரி தெரிந்ததா என்று திருப்பிக் கேட்டால் கோபம் வருகிறதே யொழியப் பதில் வருவதில்லை. இப்போது விஞ்ஞானிகளும் வந்து, கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட முழுதாய் நிலைக்காத ஒரு ஒளியைக் கண்டோம் என்கிறார்கள். அந்த ஒளி, செத்துப்போன நட்சத்திரத்திலிருந்து கிளம்பிய கதிரால் உண்டானது என்றும் சொல்லுகிறார்கள். இவர்களை மட்டும் நாம் ஏன் நம்ப வேண்டும்? விஞ்ஞானி சொன்னார் என்பதற்காக நம்புவதானால் அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். ஆகையால் அவர்கள் எப்படிக் கண்டார்கள் என்பதை விசாரித்துப் பார்ப்போம்.

காமாக் கதிர் என்பது யாது? நாம் கண்ணால் காணும் வெளிச்சம், ஆஸ்பத்திரியில் எலும்பைப் படமெடுக்கும் எக்ஸ்ரே, இந்தக் காமாக் கதிர் ஆகிய மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மூன்றுக்கும் வேகம் ஒன்றே. சக்தியில்தான் வித்தியாசம். நான் சொல்லும் தொலைநோக்கிகள் தேடுகிற கதிரில் ஒரு துளிக்கு, சாதாரண வெளிச்சத்தின் ஒரு துளியைப்போல் நாற்பதினாயிரம் ஐம்பதினாயிரம் கோடி மடங்கு சக்தி இருக்கிறது.

இத்தகைய கதிர் தரைக்கு வந்து சேருவதில்லை. நம் தலைக்கு மேலுள்ள காற்று அதைத் தடுத்துவிடுகிறது. தடுக்காவிட்டால் நாம் இங்கே கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அப்படியானால் காற்றுக்கு மேலே ஒரு யந்திரத்தை அனுப்பிப் பிடிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அனுப்பியிருக்கிறார்கள். 2008-ல் அமெரிக்கர் ஏவிய பெர்மி என்னும் செயற்கைக் கோள் அப்படிப்பட்டதுதான். ஆனால் இதில் ஒரு கணக்குச் சங்கடம் இருக்கிறது. 1054-ம் வருஷத்தில் வெடித்த ஒரு நட்சத்திரத்தைச் சீனத்து வானநூலார் கண்டு குறித்து வைத்தார்கள். அதன் மிச்சத்துக்கு நண்டு நெபுலா என்று பெயர். சுமார் 6,500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. மேற்சொன்ன அளவு சக்தியுள்ள காமாத் துளிகள் அங்கிருந்து ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான் வந்து விழும். செயற்கைக் கோளில் வைக்கக்கூடிய கருவியோ ஏறக்குறைய அந்த ஒரு சதுர மீட்டர் அளவுதான். ஒரு துளிக்காக இரண்டு மாதம் காத்திருந்து எந்தக் கணக்கை முடிப்பது?

ஆகவேதான் தடுக்கிற காற்றையே கருவியாக உபயோகித்துக்கொள்ளலாம் என்று ஆராய்ச்சிக்காரர் யோசித்தார்கள். காமாத் துளி சுமார் இருபது கிலோ மீட்டர் உயரத்தில் காற்றில் மோதியதும் அது மறைந்து, ஒரு எலெக்ட்ரானும் அதற்கு எதிர் மின்சாரமுள்ள ஒரு பாசிட்ரானும் உண்டாகின்றன. அவை காற்றில் மோதிப் புதுக் காமாத் துளிகளை உண்டாக்க, அவை மறுபடியும் இரண்டிரண்டாகப் பிரிய, இப்படி ஒன்று பலவாகி ஒரு பெரிய மழைபோல் கீழே இறங்குகிறது. அந்த மழையும் பாதி வழியிலேயே ஓய்ந்து போகிறது. ஆனால் ஓய்வதற்குள் அது ஒரு நீல ஒளியை வீசிவிடுகிறது. அந்த ஒளிக்குச் செரன்கோவ் ஒளி என்று பெயர்.

இந்தச் செரன்கோவ் என்பவர் ரஷ்ய தேசத்தில் குடியானவர் வீட்டுப் பிள்ளை. 1904-ல் பிறந்தவர். 1934-ல் அவர் தம் ஆசிரியர் வாவிலோவ் சொன்னபடி ரேடியத்தின் கதிர் பட்ட திரவங்களில் உண்டாகும் மங்கிய ஒளியைப் பரிசோதித்து வந்தார். அந்த ஒளியை அளக்க அவருக்கு அப்போது கிடைத்த நுட்பமான கருவி என்ன தெரியுமா? தம் கண்தான். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரத்துக்கு மேல் கும்மிருட்டான அறையில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகே பார்ப்பார். அதோடு நிற்கவில்லை. திரவத்தை மாற்றிப் பார்த்தார், சூடாக்கிப் பார்த்தார். சாதாரணமாக மினுமினுக்கும் பொருளாயிருந்தால் இதற்கெல்லாம் ஒளி குறையவோ கூடவோ வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆகவே இது வேறு ஏதோ புது ஒளி என்று முடிவுக்கு வந்தார். 1937-ல் பிராங்க், தாம் என்ற இருவர் காரணத்தைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1958-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காரணம் எளிதுதான். குளத்தில் அலை போகும் வேகத்தைவிடப் படகு வேகமாய்ப் போனால் படகுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கூர்மையாய் ஒரு அலை விரிகிறதல்லவா? அதுபோலவே, வெட்டவெளியில் ஒளியை மிஞ்சி எதுவும் ஓட முடியாதென்றாலும், தண்ணீருக்குள்ளும் காற்றுக்குள்ளும் ஒளியின் வேகம் குறைந்து விடுகிறது. தண்ணீரில் முக்கால் பங்காகிறது. தரை மட்டத்துக் காற்றில் பதினாயிரத்தில் மூன்று பங்குதான் குறைகிறது. அந்தச் சிறு இடைவெளியில் எலெக்ட்ரான் ஒளியை முந்திக்கொண்டு போனால் இந்த நீல ஒளி அலை புறப்படுகிறது.

1948-ல் பிளாக்கெட் என்ற ஆங்கில விஞ்ஞானி, இரவு வானத்தின் வெளிச்சத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கு இப்படித்தான் உண்டாகிறதென்று கணக்கிட்டுச் சொன்னார். ஆனால் கண்டவர் ஒருவருமில்லை. 1952-ல் இங்கிலாந்தில் ஹார்வெல் என்னுமிடத்தில் கால்பிரெயித், ஜெல்லி என்ற இருவர் அதைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினார்கள். அவர்கள் கட்டிய தொலைநோக்கி எது? ஒரு குப்பைத் தொட்டி! தோழர்களே, சிரிக்க வேண்டாம். உள்ளே கறுப்பு வர்ணம் பூசி, அடியில் 25 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழிக் கண்ணாடியை வைத்து, அதன் ஒளி குவியுமிடத்தில் ஒரு ஒளிபெருக்கிக் குழாயைப் பொருத்தி, திறந்த வாயை வானத்துக்குக் காட்டி வைத்தார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் என்ற கணக்கில் ஒளித் துடிப்புகள் வந்தன. அவை வேறெங்கிருந்தோ வந்தவையாயிருக்கலாமே என்று சந்தேகப்பட்டு, பக்கத்திலிருந்த வேறு வகைக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவையும் அதே சமயத்தில் ஆகாசத்துகள் மழை விழுந்ததைக் காட்டின. 1953-ல் விஷயத்தை வெளியிட்டார்கள்.

நிற்க. இந்த ஒளிபெருக்கிக் குழாயைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் காரியமெல்லாம் இதில்தான் இருக்கிறது. இது காற்றை எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குழாய். முகப்பில் உட்பக்கமாக ஒருவித உலோகப் பூச்சு உண்டு. ஒளித்துளி அதில் பட்டால் ஒரு எலெக்ட்ரான் வெளியே தெறிக்கும். எல்லாத் துளிக்கும் தெறிக்காது. பழைய குழாய்களில் நாலு துளிக்கு ஒன்று தெறித்தாலே நல்ல குழாய் என்பார்கள். தெறித்த ஒற்றை எலெக்ட்ரானை என்ன செய்வது? உள்ளே வரிசையாகத் தகடுகள் இருக்கின்றன. ஆயிரம் வோல்ட் அளவில் மின்சாரம் கொடுத்து அந்த எலெக்ட்ரானை முதல் தகட்டுக்கு இழுக்கிறார்கள். அது வேகமாய் மோதி ஐந்து எலெக்ட்ரான்களைக் கிளப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தும் அடுத்த தகட்டில் மோதி இருபத்தைந்தாகும். அடுத்ததில் நூற்றிருபத்தைந்து. பத்தாவது தகட்டைத் தாண்டும்போது எத்தனை? வட்டிக்குக் கொடுப்பவர்கள் யாரேனும் இருந்தால் உடனே சொல்லிவிடுவார்கள்: 97 லட்சத்து 65 ஆயிரத்து 625. ஒரே ஒரு ஒளித்துளி இப்படி அளக்கக்கூடிய மின்சாரமாகிவிடுகிறது.

ஆனால் காமாத் தொலைநோக்கியில் இந்தப் பெருக்கத்தை வேண்டுமென்றே சில லட்சத்துக்கோ அதற்கும் கீழேயோ குறைத்து வைக்கிறார்கள். இரவு வானத்துச் சாதாரண வெளிச்சம் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டே யிருப்பதால், பெருக்கம் அதிகமானால் குழாய் சீக்கிரம் தேய்ந்து கெட்டுவிடும்.

பெருக்கத்தைவிட முக்கியமானது வேகம். தகரக் கூரையின்மேல் மழை சளசளவென்று பெய்துகொண்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் ஒருவன் ஒரு கைப்பிடி கூழாங்கல்லைக் கூரைமேல் வீசுகிறான். ஒரு மணி நேரத்துச் சத்தத்தை மொத்தமாய் அளந்தால் கல் விழுந்தது தெரியுமா? தெரியாது. கல் விழுந்த அந்தக் கணத்தை மட்டும் தனியாய்க் கேட்டால் "படபட"வென்று தெரியும். இதையே எண்ணிக்கையில் சொல்லுகிறேன். ஆப்பிரிக்காவில் நமீபியா தேசத்தில் ஹெஸ் என்ற பெயரில் தொலைநோக்கிகள் இருக்கின்றன. அதன் ஒரு குழாயில், நிலவில்லாத இரவிலுங்கூட, வானத்து வெளிச்சத்தால் விநாடிக்குச் சுமார் பத்துக் கோடி எலெக்ட்ரான்கள் தெறிக்கும். நாம் தேடும் மின்னலோ ஒரு குழாயில் இருபது எலெக்ட்ரானைத் தெறிக்கச் செய்தால் அதிகம். பத்துக் கோடியில் இருபதை எங்கே தேடுவது? ஆனால் விநாடியைப் பத்துக் கோடி கூறாக்கி, ஒவ்வொரு கூறையும் தனித்தனியே பார்த்தால் வானத்து வெளிச்சத்தின் பங்கு ஒரு கூறுக்கு ஒன்றுதான். மின்னல் விழுந்த கூறில் மட்டும் இருபத்தொன்று. இப்போது தெரிகிறதல்லவா? ஒரு கூறு என்பது ஒளியே மூன்று மீட்டர் தூரந்தான் போகக்கூடிய நேரம். அவ்வளவு வேகத்தில் எண்ணத் தெரிந்த குழாயும் மின்சார யந்திரமும் இல்லாதிருந்தால் இந்தத் தொழிலே கிடையாது.

அப்போதும் ஒரு குழாயின் வார்த்தையை அவர்கள் நம்புவதில்லை. வானத்து வெளிச்சமே தற்செயலாய் ஒரு குழாயில் ஒன்று கூடி விழலாம். அதனால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள சில குழாய்கள் அதே கணத்தில் சேர்ந்து சொன்னால்தான் யந்திரம் படத்தைப் பதிவு செய்யும். பிற்பாடு நூறு மீட்டர் தள்ளி இன்னொரு தொலைநோக்கியை வைத்து, அதுவும் அதே கணத்தில் சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள். கோர்ட்டில் சாட்சிகளைத் தனித்தனி அறையில் வைத்து விசாரிப்பது போல.

இவ்வளவு செய்தும் தோழர்களே, காமாக் கதிர் அகப்பட்டதா? அகப்படவில்லை. சங்கடம் என்னவென்றால் ஆகாசத்திலிருந்து புரோட்டான் முதலிய வேறு துகள்கள் காமாவைப்போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் வருகின்றன. அவையும் காற்றில் மோதி அதே நீல ஒளியைத்தான் வீசுகின்றன. 1960 முதல் சில வருஷங்கள் சுதாகோவ் என்ற ரஷ்யர் கிரிமியாவில் பன்னிரண்டு கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். நண்டு நெபுலாவிலிருந்து ஒன்றும் காணவில்லை என்று எழுதினார். 1968-ல் அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து மலையொன்றில் 248 சிறு கண்ணாடிகளைச் சேர்த்துப் பத்து மீட்டர் அகலமுள்ள விப்பிள் தொலைநோக்கியைக் கட்டினார்கள். டிரெவர் வீக்ஸ் என்பவர் அதை வைத்துக்கொண்டு வருஷக் கணக்காய்ப் பார்த்தார். ஐயத்துக்கிடமின்றிச் சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. இடையில் 1983 முதல், சிக்னஸ் எக்ஸ்-3 என்ற நட்சத்திரத்திலிருந்து கதிர் வருகிறதென்று பலர் அடுத்தடுத்துச் சொன்னார்கள். பெரிய பெயருள்ளவர்கள்தான். பிறகு அதைவிட நுட்பமான கருவிகளைக் கட்டிப் பார்த்தபோது ஒன்றும் தென்படவில்லை. அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. சொன்னவர் பெரியவராயிற்றே என்று யாரும் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. "இருபது வருஷம் தேடினேன், இன்னும் காணவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற யோக்கியதை சாமான்யமானதல்ல. பணம் கொடுத்த சர்க்கார் கேட்குமே, உடன் வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்களே என்று பயந்து, ஏதோ தெரிந்த மாதிரி எழுதியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

வழி பிறந்தது எப்படியென்றால், ஒரு குழாய்க்குப் பதில் பல குழாய்களைத் தேன்கூடு மாதிரி அடுக்கி, அந்த மின்னலைப் படமாகவே எடுத்தார்கள். காமாவின் மழை ஒடுக்கமாய், ஒழுங்காய் இறங்குவதால் படம் ஒரு நெல்மணி போல நீளமாய் விழும். அதன் முனை கதிர் வந்த நட்சத்திரத்தின் பக்கம் திரும்பியிருக்கும். புரோட்டானின் மழையோ பிய்ந்துபோன பஞ்சு மாதிரி அகன்று சிதறி, கண்ட பக்கம் திரும்பியிருக்கும். இந்த நீளத்தையும் அகலத்தையும் சாய்வையும் அளந்து பிரிக்கலாமென்று மைக்கேல் ஹில்லாஸ் என்ற ஆங்கிலேயர் 1985-ல் கணக்கிட்டுக் கொடுத்தார். விப்பிள் தொலைநோக்கியில் 37 குழாய்களை அடுக்கி, அந்தக் கணக்குப்படி பதரைத் தூற்றியபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் குப்பை ஒழிந்தது. நண்டு நெபுலாவை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ அவ்வளவு நேரம் பக்கத்து வெற்று வானத்தையும் பார்த்து, அந்த எண்ணிக்கையை இதிலிருந்து கழித்தார்கள். நான் முதலில் சொன்னேனே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தபோதும் அப்படித் தெரிந்ததா என்று, அந்தக் கேள்வியை இவர்கள் பிறர் கேட்குமுன் தாங்களே கேட்டுக்கொண்டார்கள். 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். அது தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்கு மிச்சம் நின்றது. பிற தேசத்தார் வேறு தொலைநோக்கிகளில் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரிந்தது. இன்று இவ்வகைக் கதிர் வீசுவதாய் அறியப்பட்ட இடங்கள் 200-க்கு மேல் ஆகிவிட்டன.

பிறகு குழாய்களின் எண்ணிக்கை வளர்ந்தது. ஹெஸ்ஸின் முதல் நான்கு தொலைநோக்கிகளுக்கும் தலைக்கு 960 குழாய்கள். ஆனாலும் ஒரு குறை இருந்தது. நிலா வந்துவிட்டால் குழாய்க்கு ஆபத்து. வருஷத்தில் சுமார் ஆயிரம் மணி நேரம்தான் இருட்டு வானம் கிடைக்கும். இதற்கு மாற்றாகச் சிலிக்கன் வில்லைகள் வந்தன. நகத்தைவிடச் சிறிய வில்லையில் ஆயிரக்கணக்கான நுண் அறைகள். ஒவ்வொன்றையும் ஒரு எலிப்பொறி என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு ஒளித்துளி விழுந்தால் பொறி விழும், உடனே தானே திறந்துகொள்ளும். எத்தனை பொறி விழுந்ததென்று கூட்டினால் எத்தனை துளி அகப்பட்டதென்று தெரியும். ஸ்பெயினுக்குச் சொந்தமான லா பால்மா தீவில் 2011-ல் பேக்ட் என்ற தொலைநோக்கியில் 1,440 வில்லைகளை, ஒவ்வொன்றிலும் 3,600 அறைகளோடு பொருத்தினார்கள். ஆயிரம் வோல்ட் வேண்டாம், சுமார் எழுபது வோல்ட் போதும். முழுநிலா இரவிலும் வேலை செய்து காட்டியது.

புதிது வந்தால் பழையது உடனே மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. எலிப்பொறி எலியில்லாமலே சில சமயம் விழும். உஷ்ணம் ஏறினால் இன்னும் அடிக்கடி விழும். ஒரு பொறி விழுந்த அதிர்ச்சியில் பக்கத்துப் பொறியும் விழும். தவிரவும் நமக்கு வேண்டியது நீல ஒளி. சிலிக்கனோ இரவு வானத்தில் மிகுதியாயுள்ள சிவப்பு ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும். அதனால் 2018-ல் அதே தீவில் திறந்த 23 மீட்டர் அகலப் பெருந்தொலைநோக்கிக்கு 1,855 குழாய்களையே வைத்தார்கள். எந்தக் காரியத்துக்கு எது பொருந்துமோ அது.

நம் தேசத்துச் சங்கதியும் ஒன்று உண்டு. 1970-களில் நம் நீலகிரியில், உதகமண்டலத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் குழிக் கண்ணாடிகளையும் ஒளிபெருக்கிக் குழாய்களையும் வைத்து இந்த ஒளியைத் தேடினார்கள். பிற்பாடு மத்தியப் பிரதேசத்துப் பச்மடிக்கு மாறிப் போனார்கள். ராஜஸ்தானத்தில் அபு மலையில் பாபா அணுசக்தி நிலையத்தார் 349 குழாய்கள் கொண்ட ஒரு படக் கருவியை வைத்தார்கள். இப்போது லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 4,270 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலமும் 1,088 குழாய்களும் கொண்ட மேஸ் என்ற தொலைநோக்கி நிற்கிறது. 2024 அக்டோபரில் திறந்து வைத்தார்கள். அவ்வளவு உயரத்துக்கு ஏன் போனார்கள் என்றால், மழை ஓயுமிடத்துக்கு எவ்வளவு கிட்டப் போகிறோமோ அவ்வளவு சிறிய மின்னலும் தெரியும் என்பதற்காகத்தான்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தோழர், "இதனால் ஏழைக்கு ஒரு பிடி சோறு கிடைக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நேராகச் சோறு கிடைக்காது. ஆனால் புற்றுநோய் உடம்பில் எங்கெங்கே பரவியிருக்கிறதென்று பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பெட் ஸ்கேன் என்று ஒரு யந்திரம் இருக்கிறதல்லவா? நோயாளியின் உடம்பிலிருந்து வரும் காமாக் கதிரை ஒரு பளிங்கில் விழச் செய்து, அது வீசும் சிறு வெளிச்சத்தை அதில் எண்ணுவது இதே ஒளிபெருக்கிக் குழாய்தான். புது யந்திரங்களில் இதே சிலிக்கன் வில்லைதான்.

நேரமாகிவிட்டது. வெளியூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் சொன்னதில் சந்தேகமுள்ளவர்கள் சீட்டில் எழுதி மேசைக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லுகிறேன்.